கண்டி நகரில் நாம் காணத் தவறியவை

சில வாரங்களுக்கு முன், ஒரு மாலைப் பொழுதிலே, மாணவர் நால்வருடன் கண்டி வாவிக் கரையில் உலாவிக்கொண்டிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தலதா மாளிகையின் மாலைப் பூசை முரசொலி நீர்ப்பரப்பின் மீது மிதந்து வந்தது. இந்நகரின் பழங்கதைகளை நாம் சொல்லிக்கொண்டு வர, மூவர் கேட்டு மகிழ்ந்தனர். நான்காமவன் மட்டும் வாய் திறவாது நடந்தான். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வந்து படிக்கும் பிள்ளை அவன்.

"சேர், இந்த ராசாக்கள் கதையெல்லாம் நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நாங்கள் எங்கே வருகிறோம்? எங்கள் கதை கோப்பித் தோட்டத்தோடுதானே தொடங்குகிறது?" என்று கேட்டான்.

நாம் உடனே விடை கூறவில்லை. இரண்டொரு வார்த்தையில் அடங்கும் விடையாக அது தோன்றவில்லை. ஆதலின், இவ்வாரம் இப்பகுதியை அப்பிள்ளையின் கேள்விக்கே ஒதுக்கிவிட்டோம். கண்டி இன்ன இனத்தாருக்கே உரியதென்று வழக்குரைப்பது நமது நோக்கமன்று. கண்முன்னே இருந்தும் நாம் காணத் தவறியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதே நோக்கம். வாசகர்களும் நம்முடன் வாவிக் கரையிலிருந்தே புறப்படுவார்களாக.

முடிவுறாத மதில்

முதலிலே பெயர். 'கண்டி' என்பதைச் சிங்கள மக்கள் தம் பேச்சிலே வழங்குவதில்லை. அவர்களுக்கு இது 'மகாநுவர', அதாவது பெருநகர். மலைமேலுள்ள நாடு என்னும் பொருளில் வழங்கிய 'கந்த உட ரட்ட' என்ற தொடரின் முதற்சொல்லைப் போர்த்துக்கீசர் பற்றிக்கொண்டு நகருக்கே பெயராக்கிவிட்டனர். மலையைக் குறித்த சொல் ஊரைக் குறிக்கலாயிற்று.

வாவியைப் பலர் இயற்கையாக அமைந்ததென்றே எண்ணுகின்றனர். இரு நூறாண்டுகளுக்குச் சற்று முன்வரை அவ்விடத்தில் நெல் வயல்கள் இருந்தன. 1807ஆம் ஆண்டளவில் அணைகட்டி அவ்வயல்களை வாவியாக்கியவன் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வாவியைப் பாற்கடல் என்று பெயரிட்டு அழைத்தனர். கரையைச் சூழ, முகில் வடிவிலே வளைவு வளைவாகச் செல்லும் வெண்மதிலை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அது வாவியை முற்றாகச் சூழாமல் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. மதிலை முடிக்குமுன் மன்னனின் ஆட்சி முடிந்துவிட்டமையே காரணம்.

இம்மன்னனின் பிள்ளைப் பெயர் கண்ணுசாமி. மதுரைச் சீமையிலிருந்து பெண்ணெடுத்த கண்டி அரசர் குடும்பத்தில், ஆண் வாரிசு இல்லாதுபோகவே, அரசியின் உடன்பிறந்தான் 1739இல் அரியணை ஏறினான். அன்று தொடங்கிய நாயக்கர் மரபிலே நால்வர் கண்டியை ஆண்டனர். நான்காமவனே கண்ணுசாமி. 1798இல் முடிசூடியபோது அவன் இளைஞன். 1815 பெப்ரவரி 18ஆம் நாள், மெதமகாநுவரைக்கு அருகே மறைந்திருந்த இடத்திலே பிடிபட்டான்.

பூட்டப்பட்ட கதவு

அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள், தலதா மாளிகைக்கு அண்மையில் இன்றும் நிற்கும் மரத்தூண் மண்டபத்திலே, ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் கூடி ஒப்பந்தம் ஒன்றைச் செய்தனர். இலங்கையின் கடைசி அரசு மறைந்த நாள் அது. அவ்வொப்பந்தத்திலே நம் மாணவர் கவனிக்க வேண்டியவை இரண்டுண்டு.

முதலாவது, அதன் மூன்றாம் பிரிவு. வீழ்ந்த மன்னனின் ஆண் உறவினர் யாவரையும் அது பகைவராகப் பிரகடனஞ் செய்தது. 'மலபார்' இனத்தவர் என்று ஆங்கிலேயர் அந்நாளிற் குறித்த தமிழ் ஆடவருள், நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டோர் எழுத்து மூலமான அனுமதி இன்றிக் கண்டி நாட்டிற் கால் வைத்தல் ஆகாதென்றும் விதித்தது. மீறினோரை இராணுவச் சட்டம் காத்திருந்தது.

இரண்டாவது, அதன் அடியிலுள்ள கையொப்பங்கள். சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழ் எழுத்துக்களிலே கையொப்பமிட்டிருக்கின்றனர்! தமிழரை வெளியேற்றிய பத்திரத்திலேயே தமிழ் எழுத்து நிற்கின்றது. அரண்மனையிலே தமிழ் வழங்கிய காலம் அது. எழுதக் கற்ற பிரதானி தமிழெழுத்தும் அறிந்திருப்பது அன்று வியப்புக்குரிய செய்தியாக இருந்திராது. இன்றைக்குத்தான் அது நமக்கு வியப்பாக இருக்கிறது.

மன்னனை 1816இல் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, வேலூர்க் கோட்டையிலே காவலில் வைத்தனர். அவன் குடும்பம் வாழ்ந்த மனையைக் 'கண்டி மகால்' என்றே இன்றும் வழங்குகின்றனர். 1832 ஜனவரி 30ஆம் நாள் அவன் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதியுள்ள இடத்திலே தமிழ்நாட்டு அரசு 1990இல் முத்து மண்டபம் ஒன்றை எழுப்பியது. அவன் அமர்ந்த சிம்மாசனமோ வேறு வழியிற் சென்றது. 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குப் பரிசளித்த அது, 1815இன் பின் இங்கிலாந்துக்குப் போய், 1934இலே திரும்பி வந்தது. கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் மாணவர் அதனைக் காணலாம். சிம்மாசனம் தாய்நாடு திரும்பியது, மன்னன் திரும்பவில்லை.

இரு மொழி பேசும் மலை

இனி, நகரை விட்டுக் கொழும்பு வீதியிலே பிலிமத்தலாவை வரை போவோம். அவ்வட்டாரத்தில், ஒருநாட் பொழுதுக்குள் கண்டு திரும்பத்தக்க அண்மையில், மூன்று பழங்கோவில்கள் உள்ளன.

கடலாதெனிய விகாரையைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் சிவாலயம் என்றே மயங்குவர். கருங்கல்லாலாகிய தூண்களும் தென்னாட்டுச் சிற்ப அமைதியுமாக நிற்கும் அப்பௌத்தப் பள்ளியை 1344இலே கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. பெயரைச் சொன்னாலே ஊர் விளங்கும்.

அதே காலத்திலே எழுந்தது லங்காதிலக விகாரை. பாறை மேலே வெண்ணிறமாக உயர்ந்து நிற்கும் அக்கோவிலில் ஒருபக்கம் புத்தர் பெருமானின் சந்நிதி. சுற்றிலும் கணபதி, கந்தன், வீடணன் முதலிய தெய்வங்களின் சந்நிதிகள். அக்கோவிற் பாறையிலே சாசனம் வெட்டப்பட்டிருக்கின்றது. ஒன்று சிங்களம்; மற்றொன்று தமிழ். கோவிலுக்கு விட்ட மானியங்களை இரு மொழியிலும் எழுதி வைத்திருக்கின்றனர். படிப்பவர் இல்லாத மொழியிலே யாரும் கல்வெட்டு வெட்டுவதில்லை. ஆகவே, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன், கம்பளையில் அரசிருந்த காலத்திலே, இம்மலைகளுக்கிடையில் தமிழ் படிப்போர் இருந்தனர் என்பது கல்லின் மேலெழுதிய சாட்சியாகும். கோப்பி இங்கே தோட்டப் பயிராகுமுன் கிட்டத்தட்ட ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தன.

மூன்றாவது, மரச் செதுக்கு வேலைக்குப் பேர்பெற்ற எம்பெக்க தேவாலயம். அங்கே எழுந்தருளியிருப்பவர் கதிர்காமக் கடவுள். அன்னமும், மற்போர் வீரரும், ஆடல் மகளிரும் செதுக்கிய தூண்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

பெரகராவிலே செல்லும் தெய்வங்கள்

கண்டிப் பெரகராவைக் காணாதவர் நம் வாசகருள் அரியர். ஆனால் அவ்வூர்வலத்திலே எவ்வெத் தெய்வங்கள் செல்கின்றன என்று எத்தனைபேர் கவனித்திருப்போம்? தலதா மாளிகையின் வரிசைக்குப் பின்னே நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காம தேவாலயம், பத்தினி தேவாலயம் என நான்கு வரிசைகள் வருகின்றன. மூன்றாவது நம் முருகன். நான்காவது, மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகித் தாய்.

தேவாலயங்களின் பெருவிழாவாக நடந்துவந்த இப்பெரகராவிலே தந்தச் சின்னத்தை முன்செல்லச் செய்தவன் நாயக்க மன்னனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். இலங்கையிலே உபசம்பதை பெற்ற பிக்குகள் அற்றுப்போயிருந்த வேளையில், 1753இலே சியாம் தேசத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து அத்துறவு மரபை மீண்டும் நிலைநாட்டியவனும் அவனே. சைவச் சூழலிற் பிறந்து வளர்ந்த அரசன், அழியவிருந்த பௌத்த சங்கத்தைக் காத்தான். ஆயினும், அவன் திருநீறு பூசுகிறான் என்ற குறை சிலருக்கு இருந்தது. 1760இல் அவனைக் கொல்லச் சதியும் நடந்தது. தப்பிய பின்னரும் அவன் தன் பணியை நிறுத்தவில்லை. இன்றைய மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் அப்பணியின் கனிகள்.

பெரகராவின் இறுதியில், கெட்டம்பேயிலே மகாவலி கங்கையில் நீர்வெட்டு நடைபெறும். அது முடிந்து திரும்பும் தேவாலயத்தார் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலிலே தங்கிப் பூசை கண்ட பின்னரே நகருக்குள் மீளுகின்றனர். வருடந்தோறும் நம் தெருவிலே நடப்பதை நாம் கண்டும் காணாதிருக்கிறோம்.

சிறுவர்களுக்கு ஒரு செய்தி. தந்தப் பேழையைப் பல்லாண்டுகள் சுமந்த 'ராஜா' என்ற கொம்பன் யானை, மட்டக்களப்பைச் சேர்ந்த ஏறாவூர்க் காட்டிலே பிடிபட்டது. 1988இல் அது இறந்தபோது அதன் உடலைப் பதப்படுத்தி மாளிகை அருகே கண்காட்சியாக வைத்தனர். ஆயிரம் ரூபாய்த் தாளிலும் அதன் உருவத்தைப் பொறித்தனர்.

வந்து தங்கிய இருவர்

கண்டியிலிருந்து ஓர் அரசன் வேலூருக்குச் சிறை சென்றான். பிற தேசத்தார் கண்டிக்குச் சிறைவந்த கதைகளும் உண்டு. 1660இலே கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில வாலிபன், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தின் கிராமங்களிலே வாழ்ந்தான். தொப்பி பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தான். 1679இலே தப்பி, வடக்கே காட்டு வழியாக நடந்து, மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தான். 1681இல் அவன் வெளியிட்ட நூல், பின்னர் றொபின்சன் குரூசோ கதைக்குக் கருவூட்டிய நூல்களுள் ஒன்றென்று அறிஞர் கருதுகின்றனர். மன்னார்க் கரைக்குச் செல்லும் அக்காட்டு வழியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வீர்களாக. மீண்டும் அங்கே வருவோம்.

மற்றவர் எகிப்திய வீரர் அரபி பாஷா. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இலே இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட அவர், 1892 முதல் 1901 வரை கண்டியில் வாழ்ந்தார். அவர் நட்பைப் பெற்றவர்களுள் ஒருவர் கண்டியிலே 1838இற் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை. 1882இலே 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கிய இவர், 1885இலே 'அசன்பே சரித்திரம்' என்ற கதையை வெளியிட்டார். தமிழில் எழுந்த ஆதி நாவல்களுள் அது ஒன்று. இலங்கையின் முதற் தமிழ் நாவல் என்ற பெருமையும் அதற்குண்டு. தமிழ் நாவல் வரலாற்றைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தேடும் மாணவர், கண்டியையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

கதவு திறந்த விதம்

1815இலே 'தமிழ் ஆடவர் வரலாகாது' என்று கதவைப் பூட்டிய ஆங்கிலேயர், பத்தாண்டு கழியுமுன் அதே கையாலே திறந்தனர். காரணம் கோப்பி. 1820களிலே கம்பளைப் பகுதியிலும், பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாக மக்களை வருவித்தனர்.

அவர்கள் வந்திறங்கியது மன்னார்க் கரையிலே. நொக்ஸ் தப்பிச் சென்ற அதே காட்டு நாட்டை ஊடறுத்து, அவன் சென்ற திசைக்கு எதிராக, மாத்தளையை நோக்கி அவர்கள் நடந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். சேர்ந்தவர்கள் மலையேறினர். கொழும்பு-கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் 125 அடி உயரமான ஞாபக கோபுரம் நிற்கின்றது. பேராதனையிலே 1833இல் ஆணி ஒன்றும் அடியாமல் முதிரை மரத்தாலேயே அமைத்து, 1905 வரை நின்ற பாலத்தைப் பற்றியும் நூல்கள் வியந்து பேசுகின்றன. வடக்கு வழியிலே விழுந்தவர்களுக்குக் கோபுரமும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.

1867இலே கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அதே ஆண்டில், ஸ்கொத்லாந்தியரான ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தொழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873இலே லண்டனுக்குச் சென்ற தேயிலைப் பொதி 23 இறாத்தல். பின்னர் உலகெங்கும் 'சிலோன் ரீ' எனப் பெயர்பெற்ற பண்டத்தின் தொடக்கம் ஒரு பள்ளிச் சிறுவனின் எடைக்கும் குறைவானது! நமது மாணவன் நாள்தோறும் பஸ் ஏறும் தெல்தோட்டைக்கு லூல்கந்துரை தொலைவன்று.

மீண்டும் ஒரு பூட்டு

கதையை இத்துடன் நிறுத்தினால் உண்மையில் பாதியை மறைத்தவராவோம். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரசாவுரிமைச் சட்டம், தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இலே இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தது. மலைநாட்டு நிலையங்களிலே உற்றார் கதறப் புகைவண்டி ஏறியவர்கள், பாட்டனார் நடந்து வந்த மன்னார்த் திசையிலேயே தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினர். நாடற்றோராக எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஒரு பத்திரத்தின் ஒரு பிரிவு எத்தனை தலைமுறையின் வாழ்வைப் புரட்டவல்லது என்பதற்குக் கண்டி இரண்டு முறை சாட்சி.

மாணவனுக்கு விடை

முடிக்குமுன் ஒருவரை நினைவு கூர்வோம். கண்டி நாட்டுக் கொல்லர், தச்சர், நெசவாளர், சித்திரக்காரர் ஆகியோரின் கலைகளை ஊரூராகச் சென்று கண்டு, 1908இலே இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டு உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. நிலப்பொருள் ஆய்வுக்காகக் கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டெடுத்தார். அவருடைய தந்தையார், இலங்கைத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமி. கடலாதெனியவிலே கணேஸ்வராசாரி உளி பிடித்துச் செய்ததை, அவர் எழுதுகோல் பிடித்துச் செய்தார். இரண்டிற்கும் இடையே ஐந்தரை நூற்றாண்டு.

தம்பி, உன் கேள்விக்கு விடை இதுதான். உன் பாட்டனார் நடந்து வந்தபோது, இந்நகர் அவர் மொழியை முன்னரே அறிந்திருந்தது. லங்காதிலகப் பாறையிலே அது எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தின் அடியிலே கையொப்பமாக இருந்தது. நான்காம் தேவாலயத்திலே தாயாக வீற்றிருந்தது. நீ புதிதாக நுழைந்த வீடன்று இது. ஆனால், வீடு உனக்கு மட்டும் உரியதுமன்று. சிங்களத் தோழனும் முஸ்லிம் தோழனும் இதே கல்லைத் தம் கல்லென்று சொல்லுவர். மூவரும் சொல்லுவது மெய். கல்லும் அதையே இரு மொழியிலே சொல்லிக்கொண்டிருக்கின்றது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகின்ற விடுமுறையிலே, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளை லங்காதிலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாறைச் சாசனத்தின் முன் நிறுத்தி, தெரிந்த எழுத்து ஒன்றையாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்தாதலின் பெரியோருக்கும் அது எளிதன்று. நாம் வருகிற சனிக்கிழமை அந்நான்கு மாணவருடனும் போகின்றோம். நான்காமவன் இப்போதே கையிற் குறிப்புப் புத்தகத்துடன் காத்திருக்கிறான்.